டெபியன் பொதிக் கோப்புகள் முதன்மைக் கிளையிலேயே இருக்கலாமா?

கேள்வி (குலசேகரம்):
வணக்கம். ரப்பர் பால் கொள்முதல் நிலையங்களில் எடையையும் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பர்) சதவீதத்தையும் கொண்டு விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் சிறிய கட்டற்ற மென்பொருளைப் பைத்தானில் எழுதிப் பராமரித்து வருகிறோம். பெரும்பாலான நிலையங்களில் டெபியனும் உபுண்டுவும், ஓரிரு இடங்களில் ஃபெடோராவும் லினக்ஸ் வழங்கல்களாக உள்ளன. நிறுவத்தக்க பொதியைக் கட்டுவதற்கான டெபியன் கோப்புறையும், ஃபெடோராவுக்கான ஆர்பிஎம் ஸ்பெக் கோப்பும் மூல நிரலோடு எங்கள் கிட் களஞ்சியத்தின் முதன்மைக் கிளையிலேயே கிடக்கின்றன. டெபியனில் எங்கள் பொதியைப் பராமரிக்க முன்வந்துள்ள தன்னார்வலர் அந்தக் கோப்புறையை அகற்றும்படி கேட்கிறார். அகற்றினால் தானியங்கிச் சோதனையில் பொதி கட்டுவது நின்றுவிடுமே?

மறுமொழி 1 (நாகர்கோவில்):
அவர் கேட்பது நியாயமே. 1.4-2 என்ற பதிப்பெண்ணில் கோட்டுக்கு முன்னுள்ளது உங்களுடையது, பின்னுள்ளது பொதி கட்டுபவருடையது. சார்புப் பட்டியலில் பைத்தான்3-டிகே (சாளர இடைமுக நூலகம்) விடுபட்டிருந்தால் அவர் 1.4-1ஐ 1.4-2 ஆக்கினால் போதும். நிரலில் ஒரு வரிகூட மாறாதபோது அதற்காக நீங்கள் 1.5 வெளியிட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கிளையில் இருந்தால் சேஞ்ச்லாக் (மாற்றப் பதிவு) கோப்பை யார் திருத்துவது என்ற இழுபறி ஒவ்வொரு வெளியீட்டிலும் வரும். டெபியனின் 3.0 குவில்ட் என்ற மூலப்பொதி வடிவத்தில், நீங்கள் வெளியிடும் மூலத் தொகுப்பைப் பிரிக்கும்போதே உங்கள் டெபியன் கோப்புறை அகற்றப்பட்டு அவருடையது வைக்கப்படுவதால் பொதி கெட்டுப்போகாது. பழைய 1.0 வடிவத்தில் அந்த வசதி இல்லை. நீங்கள் வைத்த வேண்டாத கோப்பை, மூலத் தொகுப்பையே மாற்றிக் கட்டாமல் அவரால் அதிலிருந்து நீக்க முடியாது.

மறுமொழி 2 (மார்த்தாண்டம்):
அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் அதற்காகக் கோப்புறையையே அழிக்க வேண்டுமா? கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் அதற்கு எக்ஸ்போர்ட்-இக்னோர் என்று குறித்துவிட்டால், கிட் ஆர்க்கைவ் கட்டளை உருவாக்கும் மூலத் தொகுப்பில் அது வராது; சோதனையும் வழக்கம்போல் நடக்கும். ஸ்பெக் கோப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், ஃபெடோராவினர் தங்கள் களஞ்சியத்தில் தனியாகவே வைத்துக்கொள்வார்கள். டெபியனில் பைத்தான்3-டிகே என்பது அங்கே பைத்தான்3-டிகின்டர் ஆகிவிடும். அந்தப் பெயர் வேறுபாடுகளையெல்லாம் நாம் துரத்திக்கொண்டிருக்க முடியாது.

மறுமொழி 1 (நாகர்கோவில்):
தொகுப்பு சுத்தமாகிவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கிட்டிலிருந்தே பொதி கட்டுபவராக இருந்தால், உங்கள் கிளையை இணைக்கும்போதெல்லாம் முரண்பாடு எழும். டெப்-14 என்ற டெபியன் மேம்பாட்டு முன்மொழிவு பரிந்துரைப்பதுபோல் டெபியன்/லேட்டஸ்ட் என்ற தனிக் கிளையை அவருடன் பகிர்ந்துகொள்ளுங்கள். சோதனையின்போது முதன்மைக் கிளையை அதில் இணைத்துக் கட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
தனிக் கிளையே எங்களுக்குப் பொருந்தும். மென்பொருளை மெனுவில் காட்டும் டெஸ்க்டாப் கோப்பும் கையேட்டுப் பக்கமும் இப்போது டெபியன் கோப்புறைக்குள்தான் உள்ளன. அவற்றையும் கிளைக்கு மாற்ற வேண்டுமா?

மறுமொழி 2 (மார்த்தாண்டம்):
வேண்டாம். அவை எல்லா வழங்கல்களுக்கும் பொதுவானவை; முதன்மைக் கிளைக்குக் கொண்டுவந்து, உங்கள் நிறுவல் நிரலே அவற்றை உரிய இடத்தில் வைக்கும்படி செய்யுங்கள்.