ஆசிலேஷன்: ‘ஊசலாட்டம்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

துயர் ஆற்றுப்படுத்தல் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. ஒருவரைப் பறிகொடுத்த நிலை ‘இழப்பு’, அதனால் மனமும் உடலும் படும் பாடு ‘துயர்’, அதை வெளிக்காட்டும் சடங்கும் நடத்தையும் ‘துக்கம் காத்தல்’. மிச்சம் ‘ஆசிலேஷன்’ (oscillation), அதாவது இரு பக்கமும் மாறி மாறித் திரும்புவது.

துயர் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஸ்குட்டும் 1999-இல் முன்வைத்த இரட்டைச் செயல்முறை மாதிரியின் உயிர்நாடி இது. இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறார்: படத்தைப் பார்க்கிறார், அழுகிறார், கடைசி நாளை மனத்தில் ஓட்டுகிறார். இன்னொரு நேரம், அந்த இறப்பு தலையில் சுமத்திய வேலைகளின் பக்கம் திரும்புகிறார்: வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, இதுவரை துணைவர் பார்த்துவந்த சமையல். இரண்டையும் விட்டு ஓய்வதும் உண்டு. இப்படி மாறி மாறித் திரும்புவதால்தான் துயரோடு வாழப் பழக முடிகிறது என்கிறது மாதிரி.

என் பரிந்துரை: ஊசலாட்டம். பழகிய சொல், படம் போட்டால் உடனே விளங்கும்.

* * *

> என் பரிந்துரை: ஊசலாட்டம்.

ஏற்க முடியவில்லை, ஐயா. தமிழில் உயிர் ஊசலாடும். முடிவெடுக்க முடியாத மனம் ஊசலாடும். கணவரின் கடைசி மூச்சுவரை அருகில் இருந்தவரிடம் ‘நீங்கள் ஊசலாடுகிறீர்கள்’ என்று எப்படிச் சொல்வது? இயற்பியலின் ‘அலைவு’ம் உதவாது, கேட்பவர் காதில் அலைச்சலும் அலைக்கழிப்பும்தான் விழும். மேலும், ஊசல் சீரான இடைவெளியில் ஆடுவது. துயரில் அந்தச் சீர் கிடையாது. தொடக்க வாரங்களில் நாள் முழுதும் இழப்பின் பக்கமே போய்விடலாம். வேலைகளில் மனம் ஊன்றிய பிறகும் ஒரு நினைவுநாள் வந்து சட்டென்று திருப்பிவிடும்.

‘போக்குவரவு’ என்று வைக்கலாமா? இரு வீட்டாருக்கிடையே போக்குவரவு இருக்கிறது என்றால் உறவு நன்றாக இருக்கிறது என்று பொருள். அது நின்றுபோனால்தான் கவலை. நமக்கு வேண்டியதும் அதுவே. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு), சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றியவை. அவற்றை இழந்தவர்கள் ஏறியாக வேண்டிய படிக்கட்டாக்கிவிட்டோம். ஆறு வாரம் தாங்கிவிட்டு ஏழாவது வாரம் அழுபவர், ‘சறுக்கிவிட்டேன்’ என்று தன்னையே நொந்துகொள்கிறார். போக்குவரவில் சறுக்கல் என்ற பேச்சே இல்லை.

அமர்வில் இது கைகொடுக்கும். ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்பக்கம் இழப்பு, வலப்பக்கம் வாழ்வு என்று எழுதி, ஒரு வாரம் செய்தவற்றை அவரையே குறிக்கச் சொல்லலாம். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் சின்ன வேலை ஒன்று, அரைமணிக்கு மேல் போகாதது. இடப்பக்கம் வெறுமையாக இருந்தால் அவசரம் கூடாது: முதலில் ஆற்றுப்படுத்துநர் உடனிருக்க ஒரே ஒரு படம், ஒரே ஒரு நினைவு. சிரித்ததற்காகக் குற்றவுணர்வு கொள்பவருக்குத் தாளைக் காட்டி, ‘இந்தப் பக்கமும் உங்களுடையதுதான்’ என்று சொன்னால் போதும்.

* * *

போக்குவரவுக்கு என் ஒப்புதல். போக்குவரத்தோடு குழப்புவார்களே என்ற தயக்கம் இருந்தது. ‘துயரில் போக்குவரவு’ என்று சேர்த்தே எழுதினால் தீரும்.

ஒரு திருத்தம். பட்டியலில், மாதிரியின் வேலைகளின் பக்கத்தைக் குறிக்கும் ‘ரெஸ்டோரேஷன்’ (restoration) என்பதற்கு ‘மீட்சி’ என்று இருக்கிறது. அது தவறு, குணமாகிவிட்டார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். மாதிரி சொல்வது முடிவை அல்ல, புதிய பொறுப்புகளோடு மல்லுக்கட்டுவதை. அந்தப் பக்கமும் வலிக்கும். மேலே தாளில் எழுதச் சொன்ன ‘வாழ்வு’ என்பதையொட்டி ‘வாழ்வுநோக்கு’ என்றும், அதன் இணையை ‘இழப்புநோக்கு’ என்றும் மாற்றுகிறேன்.

‘நீடித்த துயர்க் கோளாறு’ என்ற பதிவில் கால வரம்பையும் சேர்க்க வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடாக 2022-இல் வந்த டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. நாள் கணக்கு மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். தனி வரியாக விட்டால் படிப்பவர்கள் தேதியை மட்டும் எண்ணிவிடுவார்கள்.