ஸ்பைரோமெட்ரி: மிஷின் சரி, ஊதுவது சரியா?

ஸ்பைரோமெட்ரி என்பது மிஷினில் ஊத வைத்து நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் டெஸ்ட். அதன் பி.எஃப்.டி. (நுரையீரல் செயல்திறன் டெஸ்ட்) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும், இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். முதலில் கோட்டைப் பாருங்கள். ஊதிய வேகத்தைக் காட்டும் வளைகோடு சட்டென்று செங்குத்தாக ஏறி, கூரான முனை தொட்டு, பிறகு சரிய வேண்டும். முனை மழுங்கியிருந்தால் ஆள் தயங்கித் தயங்கி ஊதியிருக்கிறார். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் இருமல். முதல் ஒரு நொடிக்குள் இருமல் வந்தால் எஃப்.இ.வி.1-ஐ, அதாவது முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவை, நம்ப முடியாது. கோடு திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் தொண்டை அடைபட்டிருக்கும், இல்லையென்றால் நாக்கு மவுத்பீஸை மறைத்திருக்கும்.

சரியாக வந்த ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் காற்றின் அளவு அதிகமாக வந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மி.லி.க்குள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு எட்டு முறை ஊதியும் அமையவில்லையா, அன்றைக்கு விட்டுவிடுங்கள். களைத்தவர் ஊத ஊதக் குறையத்தான் செய்யும்.

*

சொல்லும் வார்த்தையிலும் விஷயம் இருக்கிறது. "மூச்சை விடுங்க" என்றால் பெருமூச்சு விடுகிறார்கள். "ஊதுங்க" என்றால் கன்னத்தை உப்பிக்கொண்டு பலூன் ஊதுகிறார்கள். ஒரு முறை நாமே ஊதிக் காட்டுவதுதான் வழி. "இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க… டப்புனு தள்ளுங்க! விடாதீங்க, விடாதீங்க!" குரலும் ஏறித்தான் ஆக வேண்டும். முழுசாக இழுத்த பிறகு இரண்டு நொடிக்கு மேல் நிறுத்தி வைக்க விடாதீர்கள். மூக்கில் கிளிப் போடுங்கள், உதட்டோரம் காற்று கசிகிறதா என்று பாருங்கள். பல் செட் ஆடினால் மட்டும் கழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் உதடு படியும், அப்படியே இருக்கட்டும்.

*

மிஷின் பக்கமும் சொல்கிறேன். தினமும் காலையில், சரியாக 3 லிட்டர் காற்றைத் தள்ளும் சோதனை சிரிஞ்ச் வைத்து மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என மூன்று விதமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். 2.91 முதல் 3.09 லிட்டர் வரை காட்டினால் சரி. ஃபில்டர் போட்டு டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் சிரிஞ்சையும் ஃபில்டரோடுதான் சோதிக்க வேண்டும். சிரிஞ்ச் மிஷினுக்குப் பக்கத்திலேயே, அதே அறைச் சூட்டில் இருக்கட்டும்.

நம் ஊரில் வில்லன் ஃபேன்தான்! ஊதுவதற்கு முன் காற்றே இல்லாத நிலையை சென்சார் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ளும் நேரத்தில் ஃபேன் காற்று அடித்தால், ஊதி முடித்த பிறகும் கொள்ளளவுக் கோடு (ஊதிய மொத்தக் காற்றைக் காட்டுவது) படுக்காமல் மேலே ஏறிக்கொண்டே போகும். எஃப்.வி.சி., அதாவது முழுசாக இழுத்து ஊதித் தள்ளிய மொத்தக் காற்றின் அளவு, பொய்யாகப் பெருகும். சென்சார் வலையில் எச்சில், சளி படிந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும்.

உயரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்து பாருங்கள். 158 என்பது 185 ஆகிவிட்டால் நல்ல நுரையீரலும் சுருங்கிப்போனதாகத்தான் ரிப்போர்ட் வரும். கூன் விழுந்தவருக்குக் கை விரிப்பை அளக்கலாம். இருக்க வேண்டிய அளவைக் கணக்கிட மென்பொருளில் எந்த நாட்டு அளவுகோல் தேர்வாகியிருக்கிறது என்பதும் முக்கியம். ஐரோப்பியர் அளவுகோலைப் போட்டால் நம்மவர் சதவீதம் இறங்கித்தான் தெரியும்.

*

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, அளவு கூடுகிறதா என்று மறுபடி ஊத வைப்பதில்தான் அவசரப்படுகிறார்கள். சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் பஃப் நான்கு, ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வழியாக, ஒவ்வொன்றாக. பிறகு 15 நிமிடம் உட்கார வையுங்கள். வரும்போதே இன்ஹேலர் அடித்துவிட்டு வந்திருந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியாது. சால்பியூட்டமால் அடித்து 4 முதல் 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மாரடைப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவரை ஊத வைக்காதீர்கள்.

*

வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் உச்ச வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு: ஒவ்வொரு முறையும் முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், முள் ஓடும் பள்ளத்தில் விரல் படக்கூடாது. நின்றுகொண்டு மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதுங்கள், சராசரி வேண்டாம். குழந்தைகள் துப்புவது போல 'தூ' என்று ஊதினால் முள் எக்கச்சக்கமாக ஏறும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீட்டர் மாற்றினால் பழைய உச்ச அளவை அப்படியே வைத்துக்கொள்ளாமல், உடம்பு நன்றாக இருக்கும் இரண்டு வாரம் புதிதில் ஊதி உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.