டிசிபி அடுக்கை மாணவர்களே யூசர் ஸ்பேஸில் எழுத எது நல்ல வழி?

விரிவுரையாளர், பினாங்கு:
வணக்கம். டிப்ளோமா மாணவர்களுக்கு நெட்வொர்க்கிங் நடத்துகிறேன். சாக்கெட் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கும் அதன் அடியில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்யும் வேலை கண்ணில் படுவதில்லை என்பதால், ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் நெறிமுறை) முதல் டிசிபி (தரவை நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) வரை அவர்களையே யூசர் ஸ்பேஸில், அதாவது கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக, எழுதவைக்க எண்ணுகிறேன். ரா சாக்கெட்டில் (பாக்கெட்டை நாமே அமைத்து அனுப்பும் சாக்கெட்) முயன்றபோது, நாங்கள் அனுப்பிய சின்னுக்கு (இணைப்புக் கோரிக்கை) சின்-ஆக் (அதை ஏற்கும் பதில்) வந்த மறுகணமே ஆர்எஸ்டி (இணைப்பை ரத்துசெய்யும் செய்தி) ஒன்று கிளம்பி இணைப்பை முறித்துவிடுகிறது. கணினிக்கூடத்தில் மாணவர்களுக்கு ரூட் (நிர்வாகி) அனுமதியும் கிடையாது. வேறு வழி உண்டா?

நிரலர், கோலாலம்பூர்:
ஐயா, அந்த ஆர்எஸ்டியை அனுப்புவது உங்கள் கெர்னல்தான். ஐபி முகவரி அதனுடையது. தான் திறக்காத இணைப்புக்குச் சின்-ஆக் வந்தால் அது மறுக்கத்தான் செய்யும். ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலில் விதி போட்டு ஆர்எஸ்டியைத் தடுக்கலாம் என்றாலும், பாடத்துக்கு அது ஒட்டுப்போட்ட வேலை. டாப் என்ற மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்துக்கு மாறுங்கள். கெர்னல் பக்கத்துக்கு 10.0.0.1, மாணவர் நிரலுக்குத் தனி மேக் (வன்பொருள்) முகவரியுடன் 10.0.0.2 என்று வைத்தால், கெர்னலே எதிர்முனை ஆகிவிடும். ஒவ்வொரு ரீட் அழைப்புக்கும் ஓர் ஈதர்நெட் ஃபிரேம் முழுதாக வரும். 10.0.0.2-க்குப் பிங் அடித்ததும் வரும் ஏஆர்பி கேள்வி ஆறு எஃப்எஃப் பைட்டுகளோடு ('எல்லோருக்கும்' என்ற பெறுநர் முகவரி) தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் 00 00 08 06 என நான்கு பைட்டுகள் தெரிந்தால், சாதனத்தைத் திறக்கும்போது, அந்தக் கூடுதல் பைட்டுகள் வேண்டாம் என்று சொல்லும் ஐஎஃப்எஃப்_நோ_பிஐ கொடி விடுபட்டிருக்கிறது.

கணினிக்கூடப் பொறுப்பாளர், பட்டர்வொர்த்:
ரூட் சிக்கலுக்கு, தனி நெட்வொர்க் சூழலை உருவாக்கும் 'அன்ஷேர்' கட்டளையைச் சிலர் சொல்வார்கள், உபுண்டு 24.04 லினக்ஸ் இயல்பிலேயே அதைக் கட்டுப்படுத்துவதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். நிர்வாகி 'ஐபி டன்டாப்' கட்டளையில் மாணவரின் பயனர் பெயரைக் குறிப்பிட்டுச் சாதனத்தை உருவாக்கி, முகவரியும் கொடுத்துவிட்டால், பிறகு அந்த மாணவர் ரூட் இல்லாமலேயே அதைத் திறக்கலாம். மறுதொடக்கத்தில் சாதனம் மறைந்துவிடும் என்பதால் கட்டளைகளைத் தொடக்க ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

நிரலர், கோலாலம்பூர்:
இன்னொன்று. டாப் வழியே பாக்கெட் அநேகமாகத் தொலையாது. ஆகவே மறு அனுப்புதலை எழுதாத மாணவரின் நிரலும் தேர்வில் ஜோராக ஓடிவிடும். அனுப்பும் ஃபங்ஷனிலேயே பத்தில் ஒரு பாக்கெட்டைத் தற்போக்காகக் கைவிடச் செய்யுங்கள். படிக்க, டிசிபியை வரையறுத்த 1981-இன் ஆவணமான ஆர்எஃப்சி 793-க்குப் பதில், திருத்தங்களைத் தொகுத்து 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9293-ஐக் கொடுங்கள். நெரிசல் கட்டுப்பாட்டை (நெட்வொர்க் நெரிசலுக்கேற்ப அனுப்பும் வேகத்தை மாற்றுவது) இந்தத் தவணையில் தொடாதீர்கள். இணைப்பு நிலைகளும் டைமரும் சரியாக ஓடினாலே பெரிய காரியம்.