உள்ளூர்ச் சபையை ஏன் பேண வேண்டும், எப்படிப் பேணுவது?

கேள்வி: திருமலை (திருகோணமலை) இளையோர் வகுப்பு

இந்த மாதம் எங்கள் வேதப்பாட வகுப்புக்கு எடுத்த தலைப்பு உள்ளூர்ச் சபை. பிள்ளைகள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். சென்னை, கொழும்பு என்று நல்ல பிரசங்கங்கள் ஃபோனிலேயே நேரலையாகக் கிடைக்கும்போது ஊர்ச் சின்னச் சபைக்கு ஏன் போக வேண்டும்? அடுத்தது, சபையைப் பேணுவது என்றால் காணிக்கை போடுவதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது? எதை எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கும் என்று எழுதினால் வகுப்பில் அப்படியே எடுக்கலாம். எந்தப் பிரிவினரும் எழுதுங்கள்.

பதில்: வகுப்புத் தலைவர், உவர்மலை

பிரசங்கம் கேட்பது சபை வாழ்வில் ஒரு பங்கு மட்டும்தான். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது (கலாத்தியர் 6:2), குற்றங்களை ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிடுவது (யாக்கோபு 5:16), திருவிருந்துக்குக் கூடும்போது மற்றவருக்காகக் காத்திருப்பது (1 கொரிந்தியர் 11:33) இவையெல்லாம் கட்டளைகள். தனியாக ஃபோனைப் பார்த்துக்கொண்டு இவற்றில் ஒன்றையும் நிறைவேற்ற முடியாது. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை அழைக்கட்டும் என்கிறார் யாக்கோபு. நேரலையில் பேசுகிறவருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது, ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு அவர் எப்படி வருவார்?

மெதடிஸ்த சரித்திரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். பன்னிரண்டு பேர் அளவில் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர். கொடுக்க வசதியில்லாதவர்களுடைய பென்னியைப் பொறுப்பாளரே போட வேண்டும். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியவந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய யோன் வெஸ்லி அதையே மேய்ப்புப் பணிக்கான ஒழுங்காக மாற்றினார். வகுப்புக் கூட்டம் உருவானது அப்படித்தான். 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமாரும் அந்த ஒழுங்கில் வளர்ந்தவர்களே.

இன்றும் அது வேலை செய்யும். சபைப் பட்டியலைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒருவரை நியமியுங்கள். ஒருவர் இரண்டு ஞாயிறு வராவிட்டால் ஃபோன் எடுப்பது, மூன்றாவதும் வராவிட்டால் வீட்டுக்குப் போவது. போனதும் "ஏன் வரேல்லை?" என்று தொடங்கக் கூடாது, அது விசாரணை ஆகிவிடும். சுகம் கேளுங்கள், சங்கீதம் ஒன்று வாசியுங்கள், அரை மணித்தியாலத்துக்குள் எழும்புங்கள். எல்லாவற்றையும் போதகர் தலையில் கட்டினால் என்ன நடக்கும்? 80 குடும்பம், வாரம் இரண்டு சந்திப்பு என்றால் ஒரு சுற்று முடிய 40 வாரம். அதற்குள் மனம் உடைந்தவர் விலகிப் போயிருப்பார்.

பதில்: பங்குப் பேரவை, பாலையூற்று

கத்தோலிக்கப் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் டி போல் சபையார் செய்வதும் இதுதான். 1833இல் பாரிஸில் தொடங்கிய நாளிலிருந்து வீட்டுச் சந்திப்பு அவர்களுடைய முதன்மைப் பணி. இருவர் இருவராகப் போவார்கள், கண்டதை வெளியில் கதைக்க மாட்டார்கள். இந்த இரண்டாவது ஒழுங்கு போனால் ஒரு வீட்டிலும் கதவு திறக்காது.

நம் கரையோரச் சபைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாடை (வடகிழக்குப் பருவக் காற்று) தொடங்கிக் கடல் கொந்தளித்தால் மீன்பிடிக் குடும்பங்களில் வருமானம் விழும், மாரியும் அதே நேரம்தான். உதவி நிதியை டிசம்பரில் சேர்க்கத் தொடங்கினால் காலம் பிந்திவிடும். சோளகத்தில் (தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில்), கையில் காசு புழங்கும்போதே மாதம் ஒரு ஞாயிறு தனிக் காணிக்கை எடுத்துத் தனியாக வையுங்கள். உதவி யாருக்குப் போனது என்று அறிவிப்புப் பலகையில் பெயர் போட வேண்டாம், மொத்தத் தொகை போதும்.

பதில்: கணக்குப்பிள்ளை

காசு விடயம். எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை, ஒருவரும் குறை சொல்லாதபடி வேறு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:20-21). அவரே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்?

ஆராதனை முடிந்ததும் அங்கேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ண வேண்டும். எந்தத் தாள் எத்தனை என்று படிவத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். அதிலிருந்து மின்சாரப் பட்டியலுக்கோ தேநீருக்கோ எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடுவதுதான் வழக்கமான பிழை. எடுத்தவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் பிறகு கணக்கு ஒருநாளும் பொருந்தாது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து, அவர்கள் கணவன் மனைவியாக இருக்கக் கூடாது. கூரைக்கென்று கொடுத்த காசை வேறு செலவுக்குத் திருப்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை எல்லாரும் பார்க்க ஒட்டுங்கள்.

கத்தோலிக்கருக்கு இது விருப்பத்துக்கு விட்ட விடயமும் இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537ஆம் இலக்கப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும். கட்டடமெல்லாம் இதற்குப் பிறகு பார்க்கலாம்.

பதில்: பழைய சுவர்

கட்டடத்தை அப்படித் தள்ளிவைக்க வேண்டாம். கூரை ஒழுகினால் முதலில் பாதிக்கப்படுவது வயோதிபரும் பிள்ளைகளும்தான். ஒக்டோபரில் மழை பிடிக்கும், ஆகவே செப்டெம்பருக்குள் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் துப்புரவாக்கி, உடைந்த ஓடு மாற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத உருக்கோ வாங்குங்கள்.

ஆங்கிலேயர் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் உள்ள ஆலயம் என்றால் சீமெந்துப் பூச்சு வேண்டவே வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்பு உள்ளேயே படிந்து, சில வருடத்தில் பூச்சைத் தள்ளி விழுத்தும், கூடவே பழைய சுண்ணாம்பும் உதிரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல், மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றையும் சில நாட்கள் ஈரமாக வைத்துப் பூச வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் போதும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் அதே கேடுதான்.

ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இருக்கும் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கறையான் ஏறும். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வேறோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். இந்த வேலையை உங்கள் இளையோர் ஒரு சனிக்கிழமையிலேயே தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று: போதகரோ மூப்பரோ பிழை செய்தால் என்ன செய்வது? "சபையை நேசி" என்றால் வாயை மூடு என்றுதான் பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள்.

பதில்: வகுப்புத் தலைவர், உவர்மலை

அப்படி விளங்கினால் திருத்த வேண்டும். அப்போஸ்தலர் 6இல் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படாமல் விடப்பட்டதாக முறுமுறுப்பு எழுந்தபோது ஒருவரையும் அடக்கவில்லை, ஏழு பேரைத் தெரிந்து பொறுப்புக் கொடுத்தார்கள். தனிப்பட்ட குற்றம் என்றால் மத்தேயு 18:15-17 சொல்கிற வரிசை: முதலில் தனியே, பிறகு ஓரிருவருடன், பிறகு சபைக்கு. மூப்பர்மேல் குற்றச்சாட்டு என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும், பாவம் உறுதியானால் எல்லார் முன்பும் கண்டிக்க வேண்டும் (1 தீமோத்தேயு 5:19-20). வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது இந்த வரிசையில் எங்கும் இல்லை.

ஆனால் பிள்ளை ஒன்றுக்குத் துன்பம் நடந்ததாகச் சந்தேகம் வந்தால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். அது சபைக்குள் பேசித் தீர்க்கும் விடயம் அல்ல, குற்றம். உடனே சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள், அல்லது பொலிசுக்குப் போங்கள். ஞாயிறு பாடசாலையில் ஒவ்வொரு வகுப்பறையிலும் உறவினர் அல்லாத இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவும் திறந்தே இருக்கட்டும். ஒரு ஆசிரியர் வராவிட்டால் இரண்டு வகுப்பையும் சேர்த்து நடத்துங்கள்.