பி சுவிட்ச்சில் மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். என் கதை சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 வீடியோ கேமில். பி சுவிட்ச் முதன்முதலில் தலைகாட்டியதும் 1988இல் வந்த அந்த விளையாட்டில்தான். ஒரு செங்கல்லை முட்டினால் நீல நிறத்தில், P என்று எழுதிய குட்டிப் பொத்தான் ஒன்று மேலே வந்து உட்காரும். மிதித்தால் நசுங்கும், பாட்டு மாறும், கொஞ்ச நேரத்துக்குச் செங்கல்லெல்லாம் காசாகிவிடும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். காசெல்லாம் செங்கல்லாகும் என்ற மறுபாதி வெகுநாள் மண்டையில் ஏறவில்லை.

காசைக் கண்டால் விடாத ஆள் நான். பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் வரிசையாகக் காசுகள் தொங்கும். ஒன்றுவிடாமல் தாவித்தாவி எடுத்துவிட்டு, அப்புறம் நிதானமாகச் சுவிட்ச்சை மிதிப்பேன். அந்தக் காசுகள்தான் செங்கல்லாகி நடக்க வழி தரும் என்பது புரிந்த அன்று என் மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாளும் பாலத்தையே பொறுக்கிப் பையில் போட்டிருக்கிறேன்! எடுத்த காசு அந்த ஆட்டத்தில் திரும்ப வராது. ஒரு உயிரை விட்டுவிட்டு முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

*

எனக்கு 1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்ட். அதில் சுவிட்ச் அழுத்தியிருக்கும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிற நீலக் கதவுகள் உண்டு. மிதித்தவுடன் ஓட்டம். நேரம் முடியப்போகிறது என்றால் ஒரு எச்சரிக்கைச் சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்டாலே விரல் தடுமாறும். கதவுக்கு முன்னால் நின்று மேல் பொத்தானை அழுத்துவதற்குப் பதில் குதித்துவிடுவேன். கீழே இறங்குவதற்குள் கதவு போயிருக்கும். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பொறுமை இழந்து, "டேய், அதைத் தூக்கிட்டுப் போய்க் கதவு பக்கத்துல வச்சு மிதியேன்டா" என்றான். தூக்கலாமா? மூன்றாம் பாகத்தில் அப்படி வசதி கிடையாது, அதே பழக்கம் எனக்கு. ஓடுகிற பொத்தானைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் போனால் மாரியோ கையில் எடுத்துக்கொள்கிறார். அன்றைக்குத்தான் நடந்து, ஆமாம், நடந்து அந்தக் கதவுக்குள் போனேன்.

*

பாலத்தைப் பொறுக்கியவருக்கு: நானும்தான். ஆனால் என் பெரிய சொதப்பல் வேறு சுவிட்ச்சில். வேர்ல்டில் மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என்று நான்கு சுவிட்ச் பேலஸ் இருக்கிறதே, நிறத்துக்கொரு பெரிய சுவிட்ச் வைத்த அரண்மனைகள், அது. பி சுவிட்ச் சில நொடிக்குத்தான். இவற்றை ஒருமுறை மிதித்தால் போதும், அதே நிறத்தில் புள்ளிக்கோடாக இருந்த கட்டங்கள் எல்லா இடத்திலும் நிரந்தரமாகக் கெட்டியாகிவிடும். இது தெரியாமல் அந்தப் புள்ளிக்கோடுகளைச் சும்மா அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

வெனிலா டோம் 2 என்ற லெவலில் தற்செயலாகச் சாவியை எடுத்துச் சாவித்துளையில் வைத்ததும் சிவப்பு பேலஸுக்கு வழி திறந்தது. மிதித்தேன். சும்மா பார்ப்போமே என்று வெனிலா டோம் 1க்குத் திரும்பிப் போனால், வெறும் கோடாக இருந்த இடத்தில் சிவப்புக் கட்டங்கள். ஏறிப் போனேன். அங்கேயும் ஒரு சாவித்துளை இருந்தது.