புதுப்பிப்பு: மலிவு விலை கிளெமாட்டிஸ் செடிகள் இப்போது

இங்கே இங்கிலாந்தில் சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்த குச்சி மாதிரியான கிளெமாட்டிஸ் (பூக்கொடி) செடிகளை நேராகத் தோட்டத்தில் வைக்கலாமா என்று வசந்தத்தில் கேட்டிருந்தேன், கொஞ்ச காலம் தொட்டியில் தேற்றச் சொன்னீர்கள். சரி என்று 2 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, ஒற்றைத் தண்டைக் கீழிருந்து இரண்டாம் கணுவுக்கு மேல் கிள்ளினேன், மனசே வரவில்லை, ஆனால் அந்தக் கணுவின் இரண்டு பக்கமும் தளிர் விட்டு, இப்போது தொட்டியின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது. நத்தைதான் தொல்லை, ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்குகிறேன்.

அவற்றில் ஜாக்மனி வகை மட்டும் செப்டம்பரில், மண்ணில் சூடு இருக்கும்போதே, தரைக்குப் போகிறது. தொட்டி மண்மட்டத்தைவிட 5 செ.மீ. ஆழமாக வைப்பேன், வாடல் நோயில் மேலே கருகினாலும் புதைந்த கணு துளிர்க்க வாய்ப்பு உண்டு. இன்னொரு வகையான மொன்டானா இன்னும் நோஞ்சான், குளிர்காலம் முழுக்கத் தொட்டியில்தான். அப்புறம், லேபிளில் உள்ள பூதான் வருமா என்பது தனிக் கதை.