மருந்துப் பதிவுக் கட்டணத்தைக் கடைக்காரர் சுமக்க வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் கடைக்காரர்

வணக்கம். செம்பனைத் தோட்டங்களுக்கும் காய்கறிக் கொல்லைகளுக்கும் புல் மருந்து, பூச்சி மருந்து விற்கும் சிறிய கடையை என் தந்தைக்குப் பின் நான் நடத்தி வருகிறேன். மருந்து கொண்டுவரும் விற்பனையாளர் சென்ற வாரம் விலையை உயர்த்திவிட்டு, வெளிநாடுகளில் பதிவுதாரர்கள், அதாவது மருந்தைத் தம் பெயரில் பதிவு செய்த நிறுவனங்கள், ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்தும் கட்டணமே அதற்குக் காரணம் என்றார். கடை உரிமத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டும் நான் இதற்கும் பொறுப்பாளியா?

பதில்: முன்னாள் தோட்டக் கிராணி

இல்லை, தம்பி. நம் மலேசிய நாட்டின் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, ஒரு மருந்தை இறக்குமதி செய்கிறவரோ தயாரிக்கிறவரோதான் அதைப் பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான கட்டணமும் அவரைச் சேர்ந்தது. விற்பதற்கும் விற்பனைக்காக இருப்பு வைப்பதற்குமான உரிமம் மட்டுமே உங்களுடையது. ஆனால், அவர் தம் செலவை விலையில் ஏற்றுவதைச் சட்டம் தடுப்பதில்லை.

பதில்: ஈப்போ, பதிவு ஆவணப் பணியாளர்

விற்பனையாளர் சொன்ன ஆண்டுக் கட்டணம் வெளிநாடுகளில் உண்மையாகவே இருக்கிறது. நாட்டுக்கு நாடு அதன் அடிப்படைதான் வேறுபடுகிறது. பிரிட்டனில் விண்ணப்பக் கட்டணம் தவிர, அந்நாட்டில் நடந்த விற்பனை மதிப்பை ஒட்டி ஆண்டுக் கட்டணமும் விதிக்கப்படுகிறது. அமெரிக்காவிலோ ஒவ்வொரு பதிவுக்கும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதை ஜனவரி 15க்குள் செலுத்தத் தவறினால் பதிவே ரத்தாகலாம். விற்பனை குறைந்தால் பிரிட்டனில் கட்டணமும் குறையும். அமெரிக்க முறையில், ஆண்டில் சில பெட்டிகளே விற்கும் மருந்துக்கும் கட்டணம் உண்டு என்பதால், அத்தகைய பதிவுகளை நிறுவனங்கள் கைவிடத் துணிகின்றன. சிறு பயிர்க்காரர் நம்பியிருக்கும் மருந்து பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். எனினும், அங்குள்ள விற்பனைக்கு அங்கே செலுத்தும் தொகையைக் காட்டி இங்கே விலை ஏற்றுவதை நான் எளிதில் ஏற்கமாட்டேன். விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள்.

பதில்: முன்னாள் தோட்டக் கிராணி

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பதிவு ஐந்தாண்டுகளுக்கே செல்லுபடியாகும். ஆகவே மொத்தமாகச் சரக்கு எடுப்பதற்கு முன், லேபிளில் உள்ள பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எப்போது முடிகிறது, மறுபதிவுக்கு விண்ணப்பித்துவிட்டார்களா என்று கேளுங்கள். பாராகுவாட் என்னும் புல் மருந்து இங்கே 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டபோதாவது முன்கூட்டியே அறிவிப்பு இருந்தது; ஒரு நிறுவனம் தன் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால், கடைக்காரருக்கு யார் அறிவிப்பார்?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. விலை விளக்கத்தோடு பதிவு முடியும் தேதியையும் எழுத்தில் கேட்கிறேன். அதுவரை பாதிச் சரக்கே எடுப்பேன்.